கிரேன் மாதுவுக்குக் கொடுத்த நாற்பத்தேழாம் பக்கம்

11.03.2004 — ரூ. 1,800
02.07.2012 — ரூ. 14,50,000
19.06.2017 — ரூ. 46,00,000
05.09.2019 — ரூ. 4,00,000
27.12.2023 — ரூ. 100
22.01.2024 — ரூ. 0
29.02.2024 — ரூ. 9,00,000
18.03.2024 — ரூ. 17,00,000

இந்த எட்டு வரிகளில் நான்கு மாதுவுடையவை, நான்கு என்னுடையவை. எது யாருடையது என்பது போகப்போகத் தெரியும்.

எங்கள் ஓய்வூதியர் சங்க ஆண்டு மலருக்கு நம் வட்டாரத்து மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரிகளைத் தூக்கும் கிரேன் மாதுவைப் பற்றி எழுதுங்கள் என்று செயலாளரே சொன்னார். அவனைப் பற்றிய தேதிகள் என்னிடம்தான் இருக்கின்றன. நான் நெடுஞ்சாலையோரக் காவல் நிலையம் ஒன்றில் பதினேழு ஆண்டுகள் ரைட்டராக இருந்தவன். கணவாயில் நடந்த விபத்துகளை எழுதியது என் கை, அந்த லாரிகளைத் தூக்கியது அவன் கை. அவன் மீது எனக்குப் பொறாமை உண்டு. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

முதல் வரி மாதுவுடையது. 11.03.2004, வியாழக்கிழமை. சேலத்துக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப்போன லாரி ஒன்று இறக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. கிரேன் வர நேரமாகும் என்றார்கள். அப்போது முப்பத்தேழு வயதான ஒரு ஆள், வாடகை டிராக்டரும் சங்கிலியும் கொண்டு வந்து நின்றான். வந்தவன் லாரியைத் தொடவில்லை. கடப்பாரையை எடுத்து டிராக்டர் நிற்க வேண்டிய இடத்தைச் சுற்றிக் குத்திக்குத்திப் பார்த்தான். நாற்பது நிமிடம். பின்னால் வண்டிகள் இரண்டு கிலோமீட்டருக்கு நின்றுவிட்டன.

"என்னய்யா, லாரியத் தூக்கச் சொன்னா கெணறு வெட்டுற?" என்றேன்.

"தரை தாங்குதான்னு பாக்கறனுங்க. சங்கிலி நான் கொண்டாந்தது, அது தாங்கும். தரை நான் கொண்டாந்தது இல்லீங்களே."

கடைசியில் நான்கு முழம் தள்ளி டிராக்டரை நிறுத்தி, ஒரே இழுப்பில் லாரியை நிமிர்த்தினான். கூலி ஆயிரத்து எண்ணூறு. அந்த மாதம் என் சம்பளத்தில் அது நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நான் எழுதிய ஒவ்வொரு விபத்துக்கும் எனக்கு அதே மாதச் சம்பளம்தான். அவனுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி. பொறாமைக்கு ஒரு தொடக்கத் தேதி வேண்டுமென்றால் அந்தத் தேதியைச் சொல்லலாம்.

அவன் என்னை நம்பத் தொடங்கியது 2008 அக்டோபரில். எண்ணெய் டின்கள் ஏற்றிய லாரி கவிழ்ந்தது. தூக்கி முடித்ததும் சரக்குக்காரர் வந்து நாற்பது டின் காணவில்லை, கிரேன்காரன் ஆட்கள்தான் எடுத்தார்கள் என்று புகார் கொடுத்தார். மாதுவை நிலையத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். ஆனால் நான் அன்று காலை 5.40க்கே இடத்துக்குப் போய் டின்களை எண்ணி எழுதியிருந்தேன்: முந்நூற்றுப் பன்னிரண்டு. மாது வந்து சேர்ந்தது 6.25. திரும்ப எண்ணியபோதும் முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்த நாற்பது டின் வழியில் வேறெங்கோ இறங்கியிருந்தது. மாது வீட்டுக்குப் போனான். அடுத்த ஜூன் முதல் ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் வந்தது. "ரைட்டர் எழுதுனா எழுதுனதுதான்" என்று கணவாய் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவனுக்காக எதுவும் செய்யவில்லை, எண்ணினேன், அவ்வளவுதான். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டான்.

30.06.2012 அன்று நான் ஓய்வு பெற்றேன். 02.07.2012 அன்று மாது பழைய கிரேன் ஒன்றைப் பதினான்கரை லட்சத்துக்கு வாங்கினான். பூஜைக்குக் கூப்பிட்டான், போனேன். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியபோது எல்லோரும் கைதட்டினார்கள். என் விடைபெறும் விழாவில் எனக்குச் சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கிடைத்திருந்தன. அந்தக் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும்.

ஒன்றில் மட்டும் நான் அவனுக்கு முன்னால் இருந்தேன். என் மகன் அறிவழகன். எனக்கு நாற்பத்திரண்டு வயதில் பிறந்த ஒரே பிள்ளை. விமானி ஆக வேண்டும் என்றான். நல்லம்பள்ளியில் சாலையோரம் இருந்த ஒரு ஏக்கர் பதினைந்து சென்ட் நிலத்தை 19.06.2017 அன்று நாற்பத்தாறு லட்சத்துக்கு விற்று அவனைப் பயிற்சிக்கு அனுப்பினேன். எங்கள் பக்கத்தில் முதல் விமானி என்று பேசிக்கொண்டார்கள். மாதுவே என்னிடம் வந்து, "தம்பி வானத்துல ஓட்டப் போவுது, நாம தரையில உருண்டதத் தூக்கிக்கிட்டு இருக்கறம்" என்றான். அந்த ஒரு வாக்கியம் எனக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு அவன் மகள் சோபனா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்தவள். "பெரியப்பா, அறிவண்ணன்கிட்ட புக்கு வாங்கிக்கலாமா?" என்று கேட்டாள். வானிலை, வழிகாணல், விமானச் சட்டம் என்று ஏழு புத்தகங்கள். எல்லாவற்றிலும் என் மகன் பென்சிலால் அடிக்கோடிட்டிருந்தான். ஏழையும் கொடுத்தனுப்பினான். 05.09.2019 அன்று மாது அவளுடைய விமானிப் பயிற்சிக்கு முதல் தவணை நான்கு லட்சம் கட்டினான். அவன் நிலம் விற்கவில்லை. பதினொரு தவணை, ஒவ்வொன்றும் கணவாயில் உருண்ட லாரிகளிலிருந்து வந்தது.

அறிவழகன் 2019 நவம்பரில் உரிமம் வாங்கினான். சில மாதங்களில் கொரோனா வந்தது. விமானங்கள் நின்றன. பிறகு பறந்தன, ஆனால் புதிதாக உரிமம் வாங்கியவர்களை யாரும் எடுக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் அவன் இருபத்தாறு விண்ணப்பம் போட்டான். எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். பெட்டிக்கடைக்காரர்கூட "தம்பி இன்னும் கௌம்பலீங்களா?" என்று கேட்பார். சோபனா 2022இல் உரிமம் வாங்கினாள்.

2023 நவம்பரில் ஏர் சாரல் என்ற புதிய கம்பெனி விளம்பரம் கொடுத்தது. குறைந்த கட்டணத்தில் சிறு ஊர்களுக்கு விமானம் விடப் போவதாகவும், பெங்களூரிலிருந்து தொடங்குவதாகவும், அறுபத்து நான்கு விமானிகள் தேவை என்றும் அதில் இருந்தது. இருவரும் விண்ணப்பித்தார்கள். டிசம்பர் 12 அன்று நேர்காணல். இருவரும் மாதுவின் காரில் ஒன்றாகத்தான் போனார்கள். டிசம்பர் 20 மாலை மின்னஞ்சல் வந்தது. சோபனாவுக்கு வேலை. அறிவழகன் காத்திருப்போர் பட்டியலில் முதல் எண்.

மாது அன்றைக்கே மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தான். என் மனைவி சாலம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "ரொம்ப சந்தோசம் மாது" என்றாள். உண்மையாகவே சொன்னாள். நான் சர்க்கரை வியாதி என்று சொல்லி எடுக்கவில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை.

"ஒரு சிக்கல் இருக்குதுங்க ரைட்டரே" என்று மாது உட்கார்ந்தான். "சேர்றதுக்கு முன்னாடி அவங்க ப்ளேனுக்குன்னு தனியா ட்ரெய்னிங் எடுக்கோணுமாம். டைப் ரேட்டிங்னு பேரு. இருபத்தாறு லட்சம். அத நாமளே அவங்ககிட்ட கட்டோணும். சேந்தப்பறம் சம்பளத்தோட கொஞ்சங்கொஞ்சமாத் திருப்பித் தர்றாங்களாம். மொத ஒம்பது லட்சம் சனவரி இருபத்திரண்டுக்குள்ள."

"கையில இருக்குதா?"

"எங்கீங்க இருக்குது? ரெண்டாவதா வாங்குன புது கிரேனக் குடுத்தாத்தான். சேலத்துக்காரர் ஒருத்தர் கேக்கறார். அதக் குடுத்துட்டா பழசு ஒண்ணுதான் மிஞ்சும், அதும் மாசத்துல பத்து நாள் பட்டறையில நிக்குது. அதுக்கோசரந்தான் வந்தேன். கம்பெனி எப்பிடின்னு நீங்க பாத்து எழுதிக் குடுங்க. எனக்கு இங்கிலீஷ் வராது. பாப்பா ஆசையில இருக்குது, அதக் கேட்டா சரின்னுதான் சொல்லும். நீங்க எழுதுனா எழுதுனதுங்க."

நான் சம்மதித்தேன். அவன் போனதும் அறிவழகனின் மின்னஞ்சலை எடுத்து மறுபடி படித்தேன். தேர்வானவர் உரிய தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் பட்டியலில் முதல் எண்ணுக்குப் போகும் என்று அதில் இருந்தது.

27.12.2023 அன்று தருமபுரியில் ஒரு இணைய மையத்தில் உட்கார்ந்து, கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு இணையதளத்தில் நூறு ரூபாய் கட்டினேன். நூறு ரூபாய்க்கு ஒரு கம்பெனியின் ஆவணங்கள் அனைத்தையும் பார்க்கலாம். மூன்று மணி நேரம்தான் திறந்திருக்கும் என்றார்கள், நான் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டேன். ஒன்பது நாள் படித்தேன். நோட்டில் இரண்டு பக்கங்களை எதிரெதிராகத் திறந்து, இடப்பக்கம், அதாவது 46ஆம் பக்கத்தில், "ஆதரவானவை" என்றும், வலப்பக்கம் 47இல் "எதிரானவை" என்றும் தலைப்பிட்டேன். என் நோட்டுகளில் எல்லாப் பக்கத்துக்கும் எண் உண்டு. யாருக்காவது எழுதிக் கொடுப்பதென்றால் அடியில் கார்பன் வைத்து எழுதுவேன். நிலையத்துப் பழக்கம்.

ஆதரவானவை ஏழு. அரசின் முதற்கட்ட அனுமதி கிடைத்திருந்தது. நாற்பது ஆண்டு பறந்த கேப்டன் ஒருவர் இயக்குநர். முதலாளிக்கு வேறு இரண்டு தொழில்கள் இருந்தன. இரண்டு விமானங்களுக்குக் குத்தகைக் கடிதம் இருந்தது. மூன்று விமான நிலையங்களில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பயிற்சிப் பணத்தைத் திருப்பித் தரும் விதி ஒப்பந்தத்தில் அச்சாகியிருந்தது. சம்பளம் நன்றாக இருந்தது.

எதிரானவையும் ஏழு. அதில் மூன்றை மட்டும் சொல்கிறேன். கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதில் பெரிய ஐயம் இருப்பதாகக் கணக்கைத் தணிக்கை செய்தவரே எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். இரண்டு விமானங்களில் ஒன்றுக்குத்தான் குத்தகை முன்பணம் கட்டியிருந்தார்கள். மூன்றாவது, முதலாளிகள் போட்ட பணம் மொத்தம் ஆறு கோடி. அறுபத்து நான்கு பேர், ஆளுக்கு இருபத்தாறு லட்சம் என்றால் பதினாறு கோடியே அறுபத்து நான்கு லட்சம். முதலாளிகள் போட்டதைவிட வேலைக்குச் சேர்பவர்கள் போடப் போவது அதிகம். இரண்டு விமானத்துக்கு அறுபத்து நான்கு பேர் எதற்கு என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

05.01.2024, வெள்ளிக்கிழமை. மாதுவும் சோபனாவும் வந்தார்கள். நான் நோட்டைத் திறந்தேன். இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டுவதாகத்தான் எண்ணியிருந்தேன். உள்ளறையில் அறிவழகன் இருந்தான். நாங்கள் பேசும்போது அவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. 47ஆம் பக்கத்தை மட்டும் கிழித்து மாதுவிடம் கொடுத்தேன். கார்பன் நகல் நோட்டில் நின்றது. 46ஆம் பக்கத்தை மூடினேன்.

நான் பொய் எழுதவில்லை. அதில் இருந்த ஏழும் உண்மை.

மாது மெதுவாகப் படித்தான். பிறகு மகளிடம் கொடுத்தான். அவள் வேகமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பெரியப்பா, அறிவண்ணன் வெயிட்டிங் லிஸ்ட்ல ஒண்ணாம் நம்பர். எட்டாவதா அதையும் எழுதியிருக்கலாமே."

"பாப்பா" என்றான் மாது.

"இல்லப்பா, கேட்டேன். புது கம்பெனின்னா எல்லாத்துக்கும் இப்பிடித்தான் இருக்கும். நஷ்டம் இல்லாம ஏர்லைன் ஆரம்பிக்க முடியுமா?"

"நான் பாத்தத எழுதியிருக்கேன்" என்றேன். "கட்டறதும் கட்டாததும் உங்க இஷ்டம்."

மாது தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். போகும்போது என் நோட்டை ஒருமுறை பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

22.01.2024 வந்தது. மாது பணம் கட்டவில்லை. அதுதான் மேலே உள்ள பூஜ்யம். சோபனா இரண்டு நாள் முன்பே தனக்கு வேலை வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். அப்பாவும் மகளும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது கசக்கவில்லை. 29.01.2024 அன்று அறிவழகனுக்கு வேலை உத்தரவு வந்தது. நான்கு ஆண்டுக்குப் பிறகு அன்றுதான் அவன் தெருவில் இறங்கிக் கடைவரை நடந்து போனதைப் பார்த்தேன். பெட்டிக்கடைக்காரரிடம் அவனே சொன்னான்.

அதற்குப் பின் நான் 46ஆம் பக்கத்தையே படித்தேன். எதிரானவை மாதுவிடம் போய்விட்டன, அவை அவனுடையவை என்பதுபோல. பிப்ரவரி நடுவில் நாளிதழில் ஏர் சாரல் மூன்றாவது விமானம் எடுப்பதாகச் செய்தி வந்தது. அதை வெட்டி 46இல் ஒட்டி, எட்டாவதாகச் சிவப்பு மையில் எழுதினேன். மாதுவின் மகளுக்குக் கிடைத்த இடம் இப்போது என் மகனுடையது என்பது எந்தப் பக்கத்திலும் எழுதாத ஒன்பதாவது. மற்ற எட்டைவிட அதற்குத்தான் எடை அதிகம்.

27.02.2024 செவ்வாய்க்கிழமை காலை மாது வந்தான். இம்முறை கையில் ஒன்றும் இல்லை.

"அறிவு தம்பிக்குக் கெடச்சிருக்குதுன்னு நேத்துதானுங்க தெரியும். பணம் கட்டிட்டீங்களா?"

"நாளன்னைக்கு."

"வேணாங்க."

நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தான்.

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? அந்தக் காயிதத்த எடுத்துக்கிட்டு பொங்கலுக்கு முந்தி பெங்களூர் போனனுங்க. ஆபீஸுக்குப் போவல, அங்க போனா டீ குடுத்து அனுப்பிருவாங்க. ஏர்போர்ட்டுக்கு வெளிய, அங்க வேல பாக்கறவங்க சாப்படற ஓட்டல்ல உக்காந்தேன். ப்ளேன இழுக்கற டிராக்டர் இருக்குதில்லீங்க, அத ஓட்டற ஆளு ஒருத்தர் கெடச்சார். கன்னடத்துல பேசிக்கிட்டம். அவரும் நானும் ஒரே தொழில்தானே. ஏர் சாரல் ப்ளேன் ஒண்ணே ஒண்ணு மூலையில நிக்குதாம். நாலு மாசமா இழுக்கச் சொல்லி யாரும் கூப்புடலையாம். நின்ன ப்ளேன அப்பப்ப நகத்தி வெக்கோணுமாம், இல்லாட்டி டயர் ஒரு பக்கமா நசுங்கிருமாம். 'டயர் நசுங்கிப் போச்சு, கேக்க ஆளில்ல'ன்னார். ஓடற வண்டிய யாராச்சும் அப்பிடி உடுவாங்களா? அதுதானுங்க தரை. நான் கௌம்பி வந்துட்டேன்."

"இப்ப மூணாவது ப்ளேன் வருது மாது. பேப்பர்ல போட்டிருக்கான்."

"பேப்பர்ல வருமுங்க."

"உம் பொண்ணு வேணாம்னுட்டுப் போனது. இப்ப எம் பையனுக்குக் கெடச்சதும் ஒனக்குத் தூக்கம் வரலியா?"

சாலம்மாள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாது, "வரலீங்க. நெசந்தான்" என்று எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, "ரைட்டரே, நல்லா யோசிங்க" என்று மட்டும் சொன்னான்.

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியது இது: "காலை 9.10. மாது வந்தான். பணம் கட்ட வேண்டாம் என்றான். பொறாமை." நாற்பது ஆண்டுகளில் நான் எழுதிய பதிவுகளில் தவறானவை மிகக் குறைவு. அவற்றில் இது ஒன்று. அந்தச் சொல் இருக்க வேண்டிய இடம் வேறு.

29.02.2024 அன்று வைப்புத்தொகையை உடைத்து ஒன்பது லட்சம் கட்டினேன். 18.03.2024 அன்று சாலம்மாளின் நகையையும் நல்லம்பள்ளியில் மிஞ்சியிருந்த வீட்டுமனையையும் விற்றுப் பதினேழு லட்சம் கட்டினேன். ஏப்ரலில் அறிவழகன் ஐதராபாத்துக்குப் போனான். பத்தொன்பது நாள் வகுப்பு நடந்தது. விமானம் போன்ற இயந்திரத்தில் அமர்ந்து பழக வேண்டிய அடுத்த கட்டத்துக்குக் கம்பெனி பயிற்சி மையத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தைச் செலுத்தவில்லை. பதினைந்து நாளில் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதினைந்து நாள் ஆறு மாதமாயிற்று. மூன்றாவது விமானம் வரவில்லை. முதல் விமானத்தையும் அதன் சொந்தக்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். 2025 பிப்ரவரியில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போயிற்று. பணம் கட்டியவர்கள் ரசீதுகளோடு உரிமை கோரலாம் என்று அறிவிப்பு வந்தது.

ரசீதுகளைத் தேடி என் நோட்டை எடுத்தது அறிவழகன்தான். நான் வெளியே போய்த் திரும்பியபோது மேசை மேல் 47ஆம் பக்கத்தின் கார்பன் நகல் திறந்திருந்தது.

"இது உங்க கையெழுத்துதானேப்பா?"

"ஆமா."

"அஞ்சு ஒண்ணு இருபத்திநாலு. நாம கட்டுனது பிப்ரவரி இருபத்தொம்பது."

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

நான் 46ஆம் பக்கத்தைக் காட்டினேன். அவன் அதைப் படிக்கவில்லை. "மாது சித்தப்பாவுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம்" என்றான். ரசீதுகளை எடுத்து உறையில் போட்டான். இரண்டு வாரத்தில் பெங்களூரில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். எந்த விமானத்தில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று கணக்கிடும் வேலை. வாரம் ஒருமுறை அம்மாவுக்குப் பேசுவான்.

ஜூன் மாதம் மாது கூடையோடு வந்தான். 2024 ஜூனிலும் மாம்பழம் வந்தது, ஆனால் ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தான். சாலம்மாள் அவனை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். நான் நோட்டை எடுத்து வந்து 46ஆம் பக்கத்தைத் திறந்து அவன் முன் வைத்தேன். மகனிடம் சொல்ல முடியாததை இவனிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அவன் எட்டு வரிகளையும் விரல் வைத்துப் படித்தான்.

"இதுதானுங்களா அது?"

"எது?"

"நீங்க குடுத்த தாள்ல நாப்பத்தேழுன்னு இருந்துச்சு. மேல எதிரானவைன்னு போட்டிருந்தீங்க. அப்ப நாப்பத்தாறு எங்கன்னு யோசிச்சேன். ரைட்டர் ஒரு பக்கத்த நம்மகிட்டக் காட்டல, சரி, காட்டாததுக்கு ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சேன். கேட்டா உங்களுக்கு சங்கடம். அதனாலதான் நேராப் போயே பாத்துரலாம்னு பெங்களூர் போனது."

"அன்னைக்கே தெரியுமா ஒனக்கு?"

"தெரியுமுங்க." காபியைக் குடித்து முடித்தான். "ரெண்டு பக்கமும் சேத்துக் குடுத்திருந்தீங்கன்னா நான் எங்கியும் போயிருக்க மாட்டேன். ரைட்டரே ரெண்டும் சமம்னு எழுதிட்டார்னு கிரேன வித்துக் கட்டியிருப்பேன். இப்ப நடுத்தெருவுல நின்னிருப்பேன்." பிறகு சாலம்மாளைப் பார்த்துச் சொன்னான்: "உங்க வூட்டுக்காரரு வயித்தெரிச்சல் எனக்கு ஒரு கிரேன் மிச்சம் பண்ணிக் குடுத்துச்சுங்கம்மா."

சாலம்மாள் சிரித்துவிட்டாள். அந்த ஆண்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுவே முதல். அதற்கும் அவன்தான் வர வேண்டியிருந்தது.

மாதுவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. இரண்டு கிரேன்கள், ஆறு ஆட்கள். கணவாயில் எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அரை மணியில் வருகிறான். இப்போதும் கடப்பாரையால் தரையைக் குத்திப் பார்த்த பிறகுதான் கொக்கியை மாட்டுகிறான். சோபனா ஒரு பறக்கும் பள்ளியில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் ஒரு பழைய கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. பயிற்சிச் செலவு கம்பெனியுடையது, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு சட்டை எடுத்து அனுப்பினாள். அளவு சரியாக இருந்தது. இதுவரை போடவில்லை.

அவன் அளவுக்கு நான் உழைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுவதில்லை. நானும் தரையைப் பார்த்தேன், ஒன்பது நாள் பார்த்தேன், அவனைவிட நன்றாகவே பார்த்தேன். பார்த்ததை அவனிடம் கொடுத்துவிட்டு நான் இன்னொன்றை வைத்துக்கொண்டேன். அவன்மேல் இருந்த பொறாமை இப்போதும் இருக்கிறது. முன்பு அவன் சம்பாதித்ததற்காக, இப்போது அவன் கட்டாமல் விட்டதற்காக.

சென்ற மாதம் ஏர் சாரலின் சொத்துகளை விற்றுப் பங்கிடுபவரிடமிருந்து அறிவழகன் பெயருக்குக் கடிதம் வந்தது. அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மார்ச்சுக்குப் பிறகு நான் அவனை அழைத்தது அதுதான் முதல் முறை.

"பிரிச்சுப் படிங்க" என்றான்.

படித்தேன். இருபத்தாறு லட்சத்துக்கான உரிமைக்கோரல் முழுமையாக ஏற்கப்பட்டது. வங்கிகளுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் கொடுத்தது போக மீதம் இல்லாததால், இந்த வகையினருக்கு வழங்கப்படும் தொகை ரூ. 0. இதுவே இறுதிக் கடிதம், இனி கடிதப் போக்குவரத்து இராது.

அவன் வேலை செய்யும் இடத்தில் ஏதோ ஒரு வண்டி பின்னால் வரும் ஒலி கேட்டது.

"தேதி குறிச்சுக்கிட்டீங்களா?" என்றான்.

47ஆம் பக்கத்தின் நகலில், ஏழாவது வரிக்குக் கீழே குறித்திருக்கிறேன். கடிதம் வந்து சேர்ந்தது 17.11.2025.